நாற்பத்தொன்றாம் மூட்டை

ஜூலை 2, புதன்

காலை எட்டு மணிக்கே அனல். மேற்கேயிருந்து கச்சான் காற்று மணலை வாரி ஷெட்டுக்குள் கொட்டுகிறது. தராசுத் தட்டை மூன்று தடவை துடைத்தாயிற்று.

இன்று மறுசுழற்சிக்கு வாங்கிய பழைய வலை: ஆறு மூட்டை. நான்கு நைலான் நரம்பு வலை, சுத்தம். இரண்டு நூல் வலை, சேறும் சிப்பியுமாக.

இவருக்குக் கட்டு மாற்றியது ஏழு மணிக்கு. புண் காய்ந்துவிட்டது. வலது கையில் கட்டைவிரல் மட்டும். போன நான்கு விரலும் அரிக்கிறது என்கிறார். இல்லாத விரல் அரித்தால் எங்கே சொறிவது.

பத்து மணிக்கு மாரி வந்தான். இவருடைய தம்பி, படகில் கூட்டு. தோளில் ஒரு வலைச்சுருள். மே மாதம் எண்ணூர் முகத்துவாரத்தில் படகு இன்ஜினில் சுற்றியது இதுதான். இன்ஜினை அணைத்துவிட்டு இவர் குனிந்து எடுக்கப் போனார். வலையின் மறுமுனை அடியில் எதிலோ மாட்டியிருந்தது. அலை படகைத் தூக்கியது. வலை விரல்களோடு இறுகியது. அவ்வளவுதான்.

அறுத்தெடுத்த வலையைப் பார்க்கப் பிடிக்காமல் படகுக்கு அடியிலேயே போட்டு வைத்திருந்தானாம். "இத்தயும் சேத்துக்கோ அண்ணி. கண்ணு முன்னாடி கெடக்க வாணாம்" என்றான்.

எடை போடப் பிரித்தேன். உள்ளே ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் பட்டை. என் பட்டை. வாங்குகிற ஒவ்வொரு மூட்டையிலும் நான் கட்டுவது. மார்க்கரில் எழுதினால் அழிந்துவிடும் என்று ஆணியால் எண்ணைக் கீறி வைப்பேன். கொம்பு சாய்ந்த நான்கு, என் நான்கு. பக்கத்தில் ஒன்று.

41.

மாரியிடம் சொல்லவில்லை. பட்டையை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஜூலை 3, வியாழன்

வெயில் அப்படியே. தண்ணீர் லாரி வரவில்லை.

பதிவு நோட்டைப் புரட்டினேன். மூ. எண் 41: தேசம்மா வீட்டு வலை, நூல் கலந்தது, சேறு. பிப்ரவரியில் வாங்கியது. அந்த வாரமே பாஸ்கர் டெம்போவில் ஏற்றியது. "மறுசுழற்சிக்கு அனுப்பப்பட்டது". கீழே அவன் கையெழுத்து, என் கையெழுத்து.

வீடு வீடாகப் போய்க் கெஞ்சியவள் நான். பழைய வலையைக் கடலில் போடாதீர்கள், ஆள் இல்லாமலே அது மீனைப் பிடித்துக் கொன்றுகொண்டிருக்கும், ஆமையைக் கொல்லும், என்னிடம் கொடுங்கள், உருக்கி நூலாக்குவார்கள் என்று. தேசம்மா மட்டும் கேட்டாள், மெய்யாலுமே போய்ச் சேருமா என்று. என் மேல் சத்தியம் என்றேன். அந்த வலைதான் என் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

பாஸ்கர். நம் குப்பத்துப் பிள்ளைதான். இப்போது குடியிருப்பது மாதவரம், மணலி ரோட்டில் குடோன். மறுசுழற்சிக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து ஏஜெண்ட். என்னை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவன். இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த ஆப்பிளை நறுக்கி நான் இவர் வாயில் ஊட்டினேன்.

மதியம் போன் போட்டேன். சும்மா கேட்பதுபோல், பிப்ரவரியில் போன வலையெல்லாம் என்ன ஆயிற்று என்று.

"அதுவா? இந்நேரம் நூலாயி, நூலு சட்டையாயி, எவனாவது பணக்காரன் போட்டுகினு சுத்துவான்க்கா." சிரித்தான்.

நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் என் வாய் சிரித்தபடியே இருந்தது.

ஜூலை 5, சனி

வாங்க வேண்டியவை: பஞ்சு, பிளாஸ்திரி, புளி, இவருக்கு லூசான சட்டை (பட்டன் இல்லாதது).

இவரிடம் பஞ்சு வாங்க என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோ, பிறகு பஸ், பிறகு லாரிகளுக்கு நடுவே நடை. குடோனில் பாஸ்கர் இல்லை என்று தெரிந்துதான் போனேன். சனிக்கிழமை அவன் கம்பெனி ஆபீசுக்குப் போவான்.

உள்ளே பன்னிரண்டு பெண்கள் வலை பிரிக்கிறார்கள். ஃபேன் ஒன்று. வியாசர்பாடி செல்வியை எனக்குத் தெரியும், பயிற்சிக்கு வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவள். டீ வாங்கிக் கொடுத்தேன். வாசலில் மேடைபோல ஒரு தனிக் குவியல் இருந்தது. அது என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் கலீஜ் வலைக்கா. சேறு கீது, நூல் கலந்துகீது. ஃபாக்டரில வாங்க மாட்டான். டெம்போ எண்ணூர் பக்கம் இட்டுகினு போயி ஆத்துல தள்ளிடும்." ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறாள். டீயை ஊதிக் குடித்துத் தம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

முகத்துவாரத்துக்கு ஆற்றோடு போய்ச் சேர்வதற்கு எவ்வளவு நேரம் ஆகும். ஒரு மழை போதும்.

திரும்பும்போது பஸ்ஸில் யோசித்தவை:

1. தீ. ஒரு தீக்குச்சி போதும், நைலான் நின்று எரியும். ஆனால் உள்ளே செல்வி. சுவருக்குப் பின்னால் வீடுகள். அந்தப் புகை அவன் மூக்குக்குப் போகாது, மாதவரம் தூரம். அந்தக் குழந்தைகள் மூக்குக்குத்தான் போகும். வேண்டாம்.

2. கம்பெனியில் சொல்வது.

3. சந்தையில் எல்லார் முன்னாலும் அவன் முகத்தில் செருப்பு.

4. இவருக்கு நடந்ததை அப்படியே அவனுக்கு.

நான்காவதை எழுதும்போது பேனா தடுமாறவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

பஞ்சு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

லேசான தூறல், மண் நனையவில்லை.

இரண்டாவதை முதலில். கம்பெனி மேடத்துக்குப் போன். நம் குப்பத்தில் மரக்கன்று நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: ரசீதில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறதே, உள்ளூர் ஏற்பாடு உங்கள் இரண்டு பேர் பொறுப்புதானே, எதற்கும் எழுத்தில் அனுப்புங்கள், பார்க்கிறோம்.

அரை மணி நேரத்தில் பாஸ்கர் போன். அவ்வளவு சீக்கிரம் பார்த்துவிட்டார்கள்.

மாலை வீட்டுக்கே வந்தான், கையில் இனிப்புப் பெட்டி. இவர் கடற்கரையில் இருந்தார். பாயில் உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நயமாகப் பேசினான். அந்த வலைதான் இந்த வலை என்று எப்படிச் சொல்ல முடியும், கடலில் எத்தனையோ வலை. அப்புறம் குரலைத் தாழ்த்தி:

"ஊர்ப் பொம்பளைங்க யாராண்ட வலைய குடுத்தாங்க? என்னாண்டயா? உன்னாண்டதானேக்கா. வெளிய வந்தா மொதல்ல உம்பேரு நாறும். யோசிச்சிக்கோ."

இனிப்பை நாய்க்குப் போட்டேன். முழுப் பெட்டியும்.

ஜூலை 8, செவ்வாய்

இவரிடம் சொன்னேன். காலைக் கஞ்சி குடிக்கும்போது. பட்டையை எடுத்து முன்னால் வைத்தேன்.

இடது கையால் எடுத்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். உன் எழுத்துதான் என்றார். பட்டையை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வுடு தேவகி. அவனப் புடிச்சி உலுக்குனா என் வெரலு கொட்டுமா?"

இருபத்திரண்டு வருஷத்தில் இவர் மேல் இவ்வளவு கோபம் வந்ததில்லை. நீங்கள் மன்னித்துக்கொள்ளுங்கள், என்னால் முடியாது என்றேன். இன்னும் சொன்னேன், எழுதத் தேவையில்லை. கஞ்சித் தம்ளரை இடது கையால் தூக்கும்போது அவர் சட்டையில் சிந்தியது. நான் துடைக்கவில்லை. அவராகத் துடைத்துக்கொண்டார்.

ஜூலை 10, வியாழன்

பாஸ்கர் சொன்னதில் ஒன்று சரி. முதலில் நாறப்போவது என் பேர். அதனால் நானே நாறடித்துக்கொள்வது என்று முடிவு.

மாரியைக் கூட்டிக்கொண்டு காலையில் ஆற்றுக்குப் போனேன். கரையோரம் சாம்பல் படிந்த சேறு, முழங்கால் வரை இறங்குகிறது. அலையாத்திச் செடியின் வேரில், குழாய்த் தூணில், எங்கு பார்த்தாலும் வலை. ஒன்றில் செத்த ஆமைக்குட்டி. இன்னொன்றில் உயிரோடு மூன்று நண்டு, பிரித்து விட்டோம். மதியத்துக்குள் கிடைத்த மஞ்சள் பட்டைகள்: 12, 29, 30, 56, 63, 88. இன்னொன்றில் எண் தேய்ந்திருந்தது.

மாலை தெருக்குழாயடியில் பட்டைகளைப் பரப்பி வைத்து எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். உங்களிடம் வாங்கியது நான். சத்தியம் செய்தது நான். ஆற்றில் போட்டது பாஸ்கர். இதோ உங்கள் எண்.

திட்டினார்கள். திட்டட்டும். படித்த திமிர் என்றாள் ஒருத்தி. தேசம்மா மட்டும் திட்டவில்லை. 41-ஐக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "எங்க வலையா உங்க வூட்டுக்காரர..." முடிக்க முடியவில்லை அவளால். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கிவிட்டு நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

அவள் அழுததையும் பாஸ்கர் கணக்கில்தான் சேர்க்கிறேன்.

ஏழு மணிக்குள் தலைவர் வீட்டுக்குப் பெண்களே போய்விட்டார்கள். ஞாயிறு பஞ்சாயத்து.

ஜூலை 13, ஞாயிறு

மேகமூட்டம். கடல் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

அம்மன் கோயில் முன்னால் பஞ்சாயத்து. ஆண்கள் மணலில், நாங்கள் பின்னால் நின்றோம். பாஸ்கர் வெள்ளைச் சட்டையில் வந்தான். வராமல் இருக்க முடியாது. அவன் அம்மா இன்னும் மூன்றாம் தெருவில் இருக்கிறாள், சந்தையில் மீன் விற்கும்போது என் பக்கத்துக் கூடை. அடுத்த வாரம் ஆடிக் கூழ். ஊர் தள்ளி வைத்தால் அவள் கூழ்ப் பானையைக் கோயிலுக்குள் கொண்டு வர முடியாது.

மறுக்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டான். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சேற்று வலையை ஃபாக்டரி திருப்பி அனுப்புகிறது, அதைக் கழுவ அவனிடம் இடம் இல்லை, தண்ணீர் இல்லை. திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தால் ஊரில் யாரும் மறுபடி வலை தரமாட்டார்கள். "எங்கதான் வெக்கறது, நீங்களே சொல்லுங்க" என்று தலைவரையே கேட்டான். அவன் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கலாம். என் வீட்டுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருப்பேன், மழை வந்தால் நானே மிதித்துக் கழுவியிருப்பேன்.

தலைவர் நஷ்ட ஈடு பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் ஆண்களைத் தாண்டி முன்னால் போனேன். முதல் தடவை. சொன்னது இவ்வளவுதான்:

"காசு வாணாம். போட்டவன் கடல்ல எறங்கி எடுக்கட்டும். கூலிக்கு ஆளு வெக்கக்கூடாது. அவன் கையால."

எதுவரைக்கும் என்று தலைவர் கேட்டார். தீர்கிற வரைக்கும் என்றேன்.

பாஸ்கர் என்னைப் பார்த்தான். பதினைந்து வருஷமாகக் கடலில் கால் வைக்காதவன். எதற்காகக் கேட்கிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. ஜூலை 5 பட்டியல், நான்காவது.

இவர் கூட்டத்தின் ஓரத்தில் நின்று வலது கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 14, திங்கள்

கம்பெனி மேடம் போன். ஏஜெண்டை நிறுத்திவிட்டார்களாம், சேகரிப்பு மையமும் "தற்காலிகமாக" மூடல், தராசை எடுக்க ஆள் வரும். வெள்ளிக்கிழமை நான் எழுதி அனுப்பிய கடிதத்துக்கு நன்றியாம்.

செல்வி போன். குடோன் பூட்டு. பன்னிரண்டு பேரும் வீட்டில். கோபமாகப் பேசவில்லை, அதுதான் சுட்டது. வேறு எங்காவது பிரிக்கிற வேலை இருந்தால் சொல் அக்கா என்றாள். என்ன சொல்வது. சரி என்றேன்.

ஷெட்டில் இன்னும் பதினாறு மூட்டை கிடக்கிறது. யாரிடம் கொடுப்பது? சேற்று மூட்டைகளைத் தனியாக எடுத்து வீட்டுக்குப் பின்னால் போட்டேன். இரண்டைக் குழாயடியில் மிதித்துக் கழுவினேன். ஒரு மூட்டைக்கு நான்கு குடம். கழுவினால் சுத்தமாகத்தான் வருகிறது.

கால் முழுக்க சிப்பிக் கீறல்.

ஜூலை 16, புதன்

இதை எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலை ஆறு மணி. காற்று இல்லை. படகில் நான்கு பேர்: மாரி, நான், பாஸ்கர், இவர். இவர் வருவார் என்று நினைக்கவில்லை. இன்ஜினை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஏறி உட்கார்ந்தார், இடது கையால். மே மாதத்துக்குப் பிறகு முதல் தடவை கடல்.

முகத்துவாரத்தில் வற்று நீர், ஆறு கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பாஸ்கர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினான். தொப்பை. மூச்சு வாங்கியது. இருந்தாலும் எடுத்தான். ஒன்றும் பேசாமல் முழுகி முழுகி, கல்லில் மாட்டியதை அவிழ்த்து முனையைக் கொடுப்பான், மாரி மேலே இழுத்துப் போடுவான். இழுக்க வராததை அறுப்பது என் வேலை. கத்தி என்னிடம்.

எட்டு மணிக்குள் படகு பாதி நிறைந்தது. கையெல்லாம் கிழிந்து ரத்தம் அவனுக்கு. எனக்குப் போதவில்லை.

ஒன்பதுக்கு முன்னால் ஒரு பெரிய கட்டு. அவிழ்த்ததும் நீரோட்டம் அதை மொத்தமாக இழுத்தது. மாரி முன்பக்கம் வேறு முனையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம். பாஸ்கர் கால் வலைக்குள் போய்விட்டது. படகோரம் அவன் கை வந்தது, விரல் படகின் விளிம்பைத் தொட்டு வழுக்கியது. தலை உள்ளே போனது. அவன் காலை இறுக்கிய வலைக்கயிறு நீர்மட்டத்தில் விறைத்து நின்றது, என் கைக்கு ஒரு முழம் தள்ளி. ஒரு வெட்டு போதும்.

நான் வெட்டவில்லை.

எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. ஒன்று. இரண்டு. தண்ணீருக்குள் அவன் முகம் தெரிந்தது, கண் திறந்திருந்தது, என்னைப் பார்த்தது. மூன்று. நான்கு. இவர் அன்று எத்தனை எண்ணிக்கை அப்படி இருந்திருப்பார் என்று நினைத்தேன். ஐந்து. மனசு ரொம்ப அமைதியாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆறு. அவன் கையை விரித்தான். இழுப்பதற்கு இல்லை, போதும் என்பதுபோல் விரித்தான். விரல் ஐந்தும் இருந்தது.

ஏழு. வெட்டினேன்.

மாரி அவன் முடியைப் பிடித்து உள்ளே போட்டான். வாந்தி எடுத்தான், அழுதான், உப்புத் தண்ணீரும் சேறும். கணுக்காலில் வலை ஆழமாக அறுத்திருந்தது. கால் போகவில்லை. மாரி என்னைப் பார்த்து, நல்ல நேரத்தில் அறுத்தாய் அண்ணி, இல்லாவிட்டால் பேஜாராகியிருக்கும் என்றான்.

பாஸ்கர் என் கையிலிருந்த கத்தியைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும்.

கரைக்கு வந்ததும் அவன் அம்மா ஓடிவந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பிள்ளையைக் காப்பாற்றினாய் என்று. கையை உருவிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. வாசலில் கோலம், வேப்பிலை. காற்று மறுபடி கிளம்பிவிட்டது.

காலையில் செல்வியும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள், நான் போன் செய்து வரச்சொன்னது. கழுவிய வலையைப் பிரிக்கக் காட்டினேன். கழுவிய நூல் வலையை வாங்க ராயபுரத்தில் ஒரு கயிறு திரிக்கிற ஆள் இருக்கிறாராம், மாரிக்குத் தெரிந்த தோஸ்து. நிச்சயமில்லை. வந்தவர்களுக்கு நெத்திலிக் குழம்பு வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு இவருக்குச் சோறு போட்டேன். இன்ஜின் பக்கம் உட்கார்ந்திருந்தவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல்:

"எத்தினி எண்ணி அறுத்த?"

பொய் சொல்ல வரவில்லை. ஏழு என்றேன்.

தலையாட்டினார். இடது கையால் ஒரு கவளம், மெதுவாக மென்று விழுங்கினார்.

"நான் அப்போ பதினொண்ணுல இருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னார். குழம்பு கேட்டார், ஊற்றினேன்.

பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. எனக்கு நான்கு எண்ணிக்கை முன்பே இவர் பார்த்து எண்ண ஆரம்பித்திருக்கிறார். வாய்விட்டு ஒரு சத்தம் போட்டிருந்தால் மாரி திரும்பியிருப்பான். போடவில்லை. விடு என்று சொன்ன மனுஷன்.

பாஸ்கரின் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறாள்: காலில் தையல் போட்டிருக்கிறது, இருந்தாலும் அடுத்த புதன் மறுபடி வலை எடுக்க வருவான்.

கத்தியை மாரியிடம் கொடுத்துவிட வேண்டும்.